அவசரப் பையில் முதல் நம்பர்

புயல் வருவதற்குள் வீட்டுக்கு ஓர் அவசரப் பை தயார் செய்தே தீருவது என்று இன்று உட்கார்ந்துவிட்டேன்.

டார்ச், மாத்திரை, ஆதார் நகல், பிஸ்கட், காபிப்பொடி. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர்களை ஓர் அட்டையில் எழுதி, காளிகாட் கடையில் லேமினேட்கூடச் செய்தாயிற்று.

தூக்க முடிகிறதா என்று பையோடு படியிறங்கிப் பார்த்தேன். கீழ்வீட்டு பௌதி மறித்தார். வங்காளியில் அண்ணி என்று அர்த்தம்; இங்கே அக்கம்பக்கத்துப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"என்ன, ஊருக்கா?"

விளக்கினேன். அட்டையை வாங்கிப் பார்த்தார். "யார் நம்பரெல்லாம் இது?"

"தாம்பரத்துல அண்ணா, திருச்சியில மச்சினர்."

"அவங்க ரயிலேறி வர்றதுக்குள்ள இங்க தண்ணியே வடிஞ்சிடும்!"

மாற்றலாகி வந்து மூன்று வருடம். படியில் நின்று குரல் கொடுத்தே பழகியதால், பௌதியின் நம்பர்கூட என்னிடம் இல்லை.

அட்டையைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். புது அட்டையில் முதல் நம்பர் பௌதியுடையது. இனி மாடி மாடியாக ஏறி மற்ற வீட்டு நம்பர்களையும் வாங்காமல் விடப்போவதில்லை.

உங்கள் அட்டையில் நடந்தே வந்து சேரக்கூடியவர் யாராவது உண்டா?

தாம்பரம் அண்ணா, கோபித்துக்கொள்ளாதே. நீச்சல் கற்றுக்கொள், மறுபடி முதலிடம் தருகிறேன்.