ரூடி மலெக்கி என்று தட்டினால்

மகன் ரூடியை அடக்கம் செய்துவிட்டு வந்த மதியம், தேவாலயத்துக் கீழ்க்கூடத்தில் பீரோகிக் கொழுக்கட்டை பரிமாறிக்கொண்டிருந்தபோதுதான் லொரெய்ன் அந்தப் படத்தைப் பார்த்தாள். பஃபலோவிலிருந்து வந்த உறவுக்காரன் ஒருவன், பூசை நேரம் பார்க்கப் போனில் ரூடியின் பெயரைத் தட்டியிருக்கிறான். முதலில் வந்தது, காவல் நிலையச் சுவரருகே மிரண்டு நிற்கும் ரூடியின் முகம். கீழே "மருந்துக்கடைத் திருட்டு" என்ற வரி.

உண்மையான திருடன் பிடிபட்டு, ரூடி மேலிருந்த வழக்கைத் தள்ளுபடி செய்து எத்தனையோ வருடங்களாகிவிட்டன. படம் மட்டும் எவனோ நடத்தும் இணையத்தளத்தில் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் படகுத்துறையில் அவனை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அப்புறம் அம்மாவின் கார் கொட்டகையிலேயே படகு இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தான். மார்ச் மாதம், உறைந்துகிடந்த ஈரி விரிகுடாமேல் நடந்து மீன் பிடிக்கப் போன இடத்தில் பனிக்கட்டி உடைந்து, தண்ணீர் அவனை விழுங்கிவிட்டது.

படத்தை எடுத்துவிடச் சொல்லி அந்தத் தளத்துக்கு லொரெய்ன் எழுதிப் பார்த்தாள். பதிலே இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு வேறு என்ன வழி தெரியும்? நூலகத்தில், புதிதாக வலைத்தளம் தொடங்குபவர்களுக்கு வகுப்பு நடக்கிறதென்று கேள்விப்பட்டுப் போய் உட்கார்ந்தாள்.

வகுப்பெடுத்த டமாரிஸ் ஒவ்வொருவரையும் கேட்டாள், "நீங்க என்ன விக்கிறீங்க?"

ஒருத்தி மெழுகுவத்தி என்றாள். இன்னொருத்தி நாய்களுக்கு முடி வெட்டுவதாகச் சொன்னாள்.

"நான் எதையும் விக்கலை. செத்துப்போன என் பையன் பேரைத் தட்டினா, போலீஸ் எடுத்த படம் வருது. அது கீழ போகணும்" என்றாள் லொரெய்ன். நாய்க்காரப் பெண் தலை குனிந்துகொண்டாள்.

வகுப்பு முடிந்ததும் டமாரிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அதை நம்மால அழிக்க முடியாது. நல்லதா ஒரு பக்கம் எழுதி, அதுக்கு மேல ஏத்தப் பாக்கலாம். தலைப்பு என்ன வைப்பீங்க?"

"என் தங்கப் பிள்ளை."

"அப்படி யாருங்க தேடுவாங்க? ஜனங்க தட்டுற வார்த்தைதான் தலைப்புல இருக்கணும்."

லொரெய்னுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மாற்றினாள்: ரூடி மலெக்கி, படகு இயந்திரம் பழுதுபார்ப்பவர், ஈரி. பிறகு வரிக்கு வரி அவன் பெயரை எழுதி வைத்தாள். அதையும் டமாரிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "இப்படி அடுக்கினா ஏமாத்துறோம்னு நினைச்சு, தேடுபொறி பின்னாடி தள்ளிடும். அவரு என்ன பண்ணுவாரு, எப்படிப் பண்ணுவாரு, அதை எழுதுங்க. படத்துக்குக் கீழயும் அது என்ன படம்னு எழுதணும்."

எழுதினாள். எரிபொருளை மோந்து பார்த்தே கோளாறைச் சொல்வான் என்று எழுதினாள். அவனிடம் வேலை கொடுத்தவர்கள் யாராவது பேசட்டும் என்று தன் போன் நம்பரையும் போட்டாள். அவன் சிரிக்கும் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுத ஒரு மதியம் முழுவதும் ஆனது.

மற்ற தளங்கள் இந்தப் பக்கத்துக்கு வழிகாட்டினால் மதிப்பு கூடும் என்றாள் டமாரிஸ். தேவாலயம் தன் பக்கத்தில் இணைப்புப் போட்டது. ரூடி வாராவாரம் பந்து உருட்டி ஆடிய பௌலிங் குழுவின் செயலாளர் ஸ்டான் மட்டும் இழுத்தார்.

"அந்த விவகாரம் கொஞ்சம் ஆறட்டுமே, லொரெய்ன்."

"எந்த விவகாரம்? அவன் செய்யலைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சே!"

"தெரியும். ஆனா படம் இருக்குல்ல…"

அவள் அங்கிருந்து கிளம்பி வந்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவனோடு பீர் குடித்த மனிதர்!

தினமும் தன் போனில் பெயரைத் தட்டிப் பார்ப்பாள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபின் ஒருநாள் அவள் எழுதிய பக்கம் முதலில் வந்தது. தங்கை வாண்டா வீட்டுக்கு ஓடினாள்.

"எங்க, என் போன்ல பாக்கிறேன்" என்று வாண்டா தட்டினாள். மிரண்ட முகம்தான் முதலில் வந்தது. லொரெய்ன் எழுதியது எங்கேயோ அடியில் கிடந்தது.

"நீ தினமும் அதையே தொடுறதுல உன் போன் பழகிப்போச்சு போலிருக்கு" என்றாள் வாண்டா மெதுவாக. "உனக்குப் பிடிச்சதை உனக்குக் காட்டுது."

அன்று பேருந்தைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, காலி இருக்கைகளுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். மாதக்கணக்காகும் என்று டமாரிஸ் முன்பே சொல்லியிருந்தாள். லொரெய்ன் தட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள், எழுதுவதை நிறுத்தவில்லை. குளிருக்கு முன் இயந்திரத்தை எப்படிக் காயவைப்பது என்று ரூடி அவளிடம் சொன்னதெல்லாம் பக்கத்தில் சேர்ந்தது. படகுக்காரர்கள் அதை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள்.

அடுத்த வசந்தத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு.

"ரூடி இருக்காருங்களா? போன தடவை மழையில நனைஞ்சுக்கிட்டே என் இன்ஜினைச் சரிபண்ணிக் குடுத்தாரு. நம்பரைத் தொலைச்சிட்டேன், பேரைத் தட்டினேன். மேல உங்க நம்பர் இருந்துச்சு."

"மேலயா? வேற ஏதாவது பாத்தீங்களா?"

"இல்லீங்களே. ஏன்?"

அந்த ஆள் பக்கத்தை முழுதாகப் படித்திருக்கவில்லை. ரூடி இறந்ததை லொரெய்ன்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா. எனக்குத் தெரியாது."

"பரவாயில்லை. இன்ஜினுக்கு என்ன, சொல்லுங்க. கிளம்பும்போதே இருமுதா, போயிட்டிருக்கும்போதா?"

அவர் சொல்லச் சொல்ல, கண்ணைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.