பிரேக் அக்காவும் தம்பியின் செல்களும்

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பேர். பழக வந்தவர்கள் கியரைத் தேடுவதற்குள் அவள் "பிரேக்... பிரேக்!" என்று போடுகிற கூச்சலில் எதிரே வருகிற வண்டிகளே நின்றுவிடும்.

அப்படிப்பட்டவளுக்கு ரத்தப் புற்றுநோய். கீமோ கொடுத்து ஒருவழியாக அடக்கினார்கள். "திரும்பி வராம இருக்கணும்னா வேற ஒருத்தரோட ஸ்டெம் செல் வேணும். புது ரத்தம் ஊறுறதுக்கு அதுதான் விதை," என்றார் டாக்டர். சோதித்துப் பார்த்ததில் பொருந்தியது தம்பி ஒருவன்தான். ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற மகராசன்.

செல்கள் எலும்புக்குள்ளிருந்து ரத்தத்துக்கு இறங்கி வர அவனுக்குச் சில நாள் ஊசி போட்டார்கள். "உடம்பெல்லாம் குடையுதுக்கா," என்று போனில் புலம்பித் தீர்த்தான். செல் ஏற்றுவதற்கு முந்தைய கடைசிச் சுற்றுக் கீமோவில் சுருண்டு கிடந்தவள், "நோயாளி நானாடா, நீயாடா?" என்றாள். ஆனாலும் சொன்ன நாளில் வந்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு செல்களைப் பிரித்தெடுக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் அரை நாள் அசையாமல் கிடந்தான்.

மாற்றுச் சிகிச்சை என்றதும் கத்தி, தையல் என்று என்னென்னவோ நினைத்து நடுங்கியிருந்தாள் அக்கா. நர்ஸ் வந்து ஒரு சின்னப் பையை மாட்டினாள். சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்க்கா. இனிமே காத்திருக்கிறதுதான் வேலை."

அந்த வேலைதான் உயிரை வாங்கியது. வாயெல்லாம் புண். எச்சில் விழுங்கவே முடியவில்லை, அப்புறம் பேச்சு எங்கே? அக்கா பேச்சுக்கு நடுவில் வாய் திறக்கவே இடம் கிடைக்காத தம்பி, தொற்று வராமலிருக்க அவளை வைத்திருந்த தனியறைக் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து போனில் ஊர்வம்பெல்லாம் அளந்தான். குறுக்கே பேச முடியாமல் அவள் முழிக்கிற முழி அவனுக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு நாள் காலையில், "வெள்ளணுக்கள் ஏற ஆரம்பிச்சிடுச்சு, தம்பி செல் வேர் பிடிச்சிடுச்சு," என்று டாக்டர் சொன்னதும் அந்தக் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் அழுகைதான்.

சில மாதம் வீட்டில் அடைந்து கிடந்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். அப்போது இன்னொரு கூத்து. சின்ன வயதில் போட்ட தடுப்பூசியின் பலனெல்லாம் பழைய ரத்தத்தோடு போயே போச்சாம், முதலிலிருந்து போடணுமாம். கைக்குழந்தைகளை வைத்திருந்த தாய்மார் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

"உங்க குழந்தை எங்கேங்க?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"நான்தாங்க குழந்தை."

அந்தத் தாய் வெடித்துச் சிரித்ததில் மடியில் தூங்கிய பிள்ளை விழித்து வீறிட, அடுத்த மடியும் அதற்கடுத்த மடியும் சேர்ந்துகொள்ள, வரிசையே அலறியது. அக்கா மட்டும் சமர்த்தாகக் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டாள். குழந்தைகளுக்குக் கொடுக்கிற மிட்டாயையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.