இரண்டு ஆள் ஆழத்தில் முத்துக்குளிப்பு

சிங்கப்பூரில் நான் முத்துக் குளித்த இடத்திலிருந்து கடல் தெரியாது. நான்கு பக்கமும் தகரக் கொட்டகைகள், நடுவில் ராட்டினம், அதன் நிழலில் இரண்டு ஆள் ஆழத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி. தொட்டியின் ஒரு பக்கச் சுவர் கனத்த கண்ணாடி. சாயங்காலம் இரண்டு ஆட்டம். பாண்டு வாத்தியம் தொடங்கியதும் இடுப்பில் கயிற்றோடு இறங்கி, காலையில் நானே போட்டு வைத்த சிப்பிகளைத் திரும்பப் பொறுக்குவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் வேர்க்கடலை தின்றுகொண்டு என்னைப் பார்க்கும். நம் கடலில் பத்து வருடம் முங்கியிருக்கிறேன். தண்ணீருக்கு அடியில் நின்று ஒரு மனித முகத்தைப் பார்த்ததில்லை. இங்கே வரிசையாக முகங்கள். ஒலிபெருக்கியில் என்னை முத்து ராஜா என்பார்கள். தூத்துக்குடிக்காரர்கள் சிரிப்பீர்கள். நான் குளித்தது சங்கு. கடலிலிருந்து ஒரு முத்துக்கூட நான் எடுத்ததில்லை.

அந்த இடத்தைப் பார்க் என்றுதான் எல்லோரும் சொல்வோம். மரம் செடி பார்க்கிற இடம் அல்ல. ஜப்பான் சண்டைக்கு முன்னால் ஒரு கம்பெனி சந்தைக்குப் பக்கத்தில் வெறும் பொட்டலை வளைத்து நாலு கொட்டகை போட்டது. கூட்டம் தாங்கவில்லை. ஊரின் மறுகோடியில் இன்னொன்று, பிறகு கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வாசல், ஒரே மாதிரி பல்புத் தோரணம். உள்ளே ஒரு பக்கம் சீனக் கூத்து, எதிரே மலாய் நாடகம், கொஞ்சம் தள்ளி நம் தமிழ் நாடகக் கொட்டகை. குத்துச்சண்டை, டாக்கி, சீட்டுக் கொடுத்துப் பெண்களோடு ஆடுகிற நடன மேடை. ரப்பர்த் தோட்டத்து ஆட்கள் லாரி பிடித்து வருவார்கள். இங்கே சனிக்கிழமை பாடிய பாட்டு அடுத்த வாரம் தோட்டத்து வரிசை வீடுகளில் கேட்கும். பிள்ளைக்கு மொட்டை போடக் கோயில், புது ஜோடிக்குப் பார்க் என்று ஆகிவிட்டது. தோட்டத்துப் பெண்கள் மாப்பிள்ளையிடம் தாலிக்கு முன்பே கேட்டுவிடுவார்கள், பார்க்குக்குக் கூட்டிப் போவாயா என்று.

சங்குக் குளிப்பு முடிந்த ஒரு வாரத்தில் கொழும்புக்குப் போகிறேன் என்று என் மனைவி ரோசம்மாளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கொழும்பில் நிற்கவில்லை, சிங்கப்பூருக்குக் கப்பலேறிவிட்டேன். எனக்கு எந்த இடத்திலும் கால் தரித்ததில்லை. ஐந்தாம் வகுப்பிலும் அப்படித்தான் பாதியில் எழுந்து வந்தேன். பார்க்கில் வேலை கிடைத்த சில மாதத்தில் ஜப்பான்காரன் வந்தான். பல்புகள் அணைந்தன. கூத்துக் கொட்டகைகள் சூதாட்டக் கூடமாயின. தொட்டியில் மழைநீர் தேங்கியது. அதில் கெளுத்தி வளர்த்து, மரவள்ளியோடு தின்று பிழைத்தேன். சண்டை ஓய்ந்து தபால் திறந்ததும் ரோசம்மாளுக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. அவள் உயிரோடு இருக்கிறாளா, இருந்தால் இன்னும் எனக்கு மனைவிதானா என்று தெரியாமலே தினமும் இரண்டு ஆட்டம் முங்கினேன்.

கயிறு பிடிக்கிற விஷயத்தை கடற்கரை தெரியாத வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் குளிக்கிறவனுக்கு வள்ளத்தில் நின்று கயிறு பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான். தன் உடன்பிறந்தவள் தாலி அறுக்க எவனும் சம்மதிக்கமாட்டான் அல்லவா. எனக்கு ரோசம்மாளின் அண்ணன் மிக்கேல் பிடித்தான். நாலு தடவை 'அருள் நிறைந்த மரியாயே' சொல்வான். அதற்குள் நான் கயிற்றை அசைக்காவிட்டால் கேட்காமலே இழுத்துவிடுவான். பார்க்கில் சேர்ந்த அன்று மச்சான் இல்லாமல் இறங்கமாட்டேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னதால் அவருக்கு எவ்வளவு விளங்கியதோ.

"மச்சான்தானே வேண்டும்? இங்கே ஒருத்தியைக் கட்டிக்கொள். மச்சான் தானாக வருவான்" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. மறுநாள் நடன மேடையில் ஒரு பெண்ணைக் காட்டி, அவளுக்கு இரண்டு அண்ணன்மார், இருவரும் பலசாலிகள் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடைசியில் ஒரு மலாய்க்காரர் பிடித்தார். நல்ல மனிதர். பாண்டு நின்றதும் இழுப்பார், அதற்கு முன் இழுக்கமாட்டார்.

இந்த வருடம் தவக்காலத்தில், முதல் ஆட்டத்துக்கு முன், தொட்டியருகே மிக்கேல் நின்றான். சரக்குக் கப்பலில் வேலைக்கு வந்தவன், துறைமுகத்தில் நம்மூர் ஆட்களிடம் விசாரித்து வந்திருந்தான். தலை நரைத்திருந்தது. தொட்டியை எட்டிப் பார்த்தான்.

"ஏலே மாப்பிள, இதுக்குள்ள முங்கத்தானா இத்தன வருசம்? எங்க வீட்டுக் கெணறு இதவிட ஆழம்லா."

"கடுதாசி கெடச்சுதா மச்சான்?"

"மூணும் கெடச்சுது. எழுதத் தெரிஞ்சவருக்கு வரத் தெரியாதாக்கும்னு கேட்டா. பெட்டியில வச்சுப் பூட்டிட்டா."

"என்னக் கூட்டிட்டு வரச் சொன்னாளா?"

"இல்ல. இருக்கியான்னு பாத்துட்டு வரச் சொன்னா."

ஆட்டத்துக்கு மணி அடித்தது. மலாய்க்காரரிடமிருந்து மிக்கேல் கயிற்றை வாங்கிக்கொண்டான். பாண்டு நிற்கிறவரை இழுக்கக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். சரி சரி என்றான். இறங்கினேன். பாதிச் சிப்பிகூடப் பொறுக்கவில்லை, இடுப்பில் வெட்டி இழுத்தது. சிப்பிக் கூடை கவிழ, நான் மேலே வந்து விழுந்தேன். பாண்டு முழங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் ஊளையிட்டது. மேனேஜர் ஓடி வந்து, பாட்டு இன்னும் பாதி இருக்கிறதே என்றார்.

"பாட்டு தீருதவரைக்கும் உள்ள கெடந்தா என் தங்கச்சிக்கு இவரா பதில் சொல்லுவாரு? கேளுல" என்றான் மிக்கேல்.

மொழிபெயர்த்தேன். மேனேஜர் மிக்கேலை ஏற இறங்கப் பார்த்தார். "இவர்தான் அந்த மச்சானா? நாளைக்கும் வருவாரா?" என்றார்.

நான் தொட்டி விளிம்பில் தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்தேன். வயிற்றில் கயிறு சிவப்பாகப் பதிந்திருந்தது. அன்றே வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மிக்கேலின் கப்பலில் பயணி ஏற முடியாது. அவன் முன்னால் போய்ச் சொல்வதாகச் சொன்னான். "கதவத் தொறக்கது அவ பாடு. அதுல நான் கயிறு புடிக்க முடியாது, கேட்டியா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எனக்கு நாகப்பட்டினத்துக்கு இடம் கிடைத்தது பினாங்கிலிருந்துதான். ரயிலில் வந்து, கப்பலுக்காக இரண்டு நாளாகக் காத்திருக்கிறேன். ஊரின் உப்பளத்து வெயிலும், கரைக்கு வராமல் தூரத்திலேயே நிற்கிற கப்பல்களும், ரோசம்மாள் பூட்டிய பெட்டியும் நினைவில் மாறி மாறி வருகின்றன. நேற்றுச் சாயங்காலம் சும்மா நடந்தபோது எங்கள் கம்பெனியின் அதே வாசல், அதே பல்புத் தோரணம். உள்ளே ஒரு பெரிய பலகையில் தலைப்பாகையும் வாயில் கத்தியுமாக என் முகத்தை வரைந்திருந்தார்கள். அதற்குக் கீழே அதே மாதிரித் தொட்டி. யாரோ ஒரு பையன், ராமநாதபுரம் பக்கம் போலிருந்தது, இடுப்பில் கயிற்றோடு இறங்கினான். நான் வேர்க்கடலை தின்கிறவர்களுக்கு நடுவில் கண்ணாடியை ஒட்டி நின்றேன். என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கயிறு பிடித்தவன் பாண்டுக்காரர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குள் நாலாவது 'அருள் நிறைந்த மரியாயே' முடிந்தது. என் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேராக உயர்ந்து, இல்லாத கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தன.