ஆறாவது படி

அம்மாவின் தம்பி, என் மாமா, வெஸ்ட்மீட்டில் எங்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில் அமெரிக்காவின் பழைய ஐந்து சென்ட் காசுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். சிட்னியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் காசு எதற்கு என்று அப்பா கேட்காத நாள் கிடையாது. உண்மையில் அப்பாவின் எரிச்சலுக்குக் காரணம், கூடத்து அலமாரியில் அவருடைய புத்தகங்களை மாமாவின் டப்பாக்கள் மெல்ல மெல்ல ஓரங்கட்டியதுதான். கடைசியில் அப்பாவே ஒரு தீர்ப்புச் சொன்னார். சனிக்கிழமை பரமட்டாவில் நடக்கும் நாணயச் சந்தையில் ஒரு காசுக்காவது நல்ல விலை சொன்னால் அலமாரி மாமாவுக்கு. இல்லாவிட்டால் டப்பா அத்தனையும் கராஜுக்கு.

மாமா நம்பியிருந்தது ஒரே ஒரு காசை. இரண்டாம் உலகப்போரின்போது நிக்கல் தட்டுப்பாட்டால் வெள்ளி கலந்து அடித்தது. பின்பக்கத்தில் ஒரு மாளிகை, அதன் வாசலில் பொடிப்பொடியாகப் படிக்கட்டு. ஆறு படியும் தெளிவாகத் தெரிந்தால் மதிப்பே வேறு என்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது, கண் கூர்மை. லென்ஸைக் கொடுத்து என்னைத்தான் எண்ணச் சொல்வார். கறுத்துக் கிடந்த அந்தக் காசில் எப்படிப் பார்த்தாலும் நாலுதான். மாமாவின் முகம் வாடுவது எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு பளபளத்தது. எனக்குப் பொறி தட்டியது! காசை விரல் படாமல் ஓரத்தில்தான் பிடிக்கவேண்டும் என்று மணிக்கணக்காகப் பாடம் நடத்திய மாமா, தேய்க்கக்கூடாது என்று மட்டும் சொல்லவே இல்லை. யாருக்குத்தான் சொல்லத் தோன்றும்? ஒரு சிட்டிகை விபூதி, என் பழைய டூத் பிரஷ், பத்து நிமிஷம். காசு புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது. ஆறாவது படி தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது. மறுநாள் மாமா அசந்துபோகட்டும் என்று உறைக்குள் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தேன்.

சந்தையில் மேசைக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரர் மாமா நீட்டிய உறையைப் பிரித்து, காசை லென்ஸ் வைத்துப் பார்த்தார். உடனே கீழே வைத்துவிட்டார். யாரோ இதைத் தேய்த்துவிட்டார்கள், தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள், இனி இதற்கு உள்ளே இருக்கும் வெள்ளியின் விலைதான் என்றார். நான் மெல்ல, கூட வந்திருந்த அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

மாமா காசை வாங்கி, எழுத்தின் இடுக்கில் நகத்தை விட்டார். வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பிச் சொன்னார்:

"நான்தான் அத்தான் தேய்ச்சேன். நேத்து ராத்திரி, விபூதி போட்டு. பளிச்சுன்னு இருந்தா விலை கூடும்னு நெனைச்சேன்."

அப்பா சிரித்த சிரிப்பில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. திரும்பும் வழியில் இந்தியக் கடைகள் நிறைந்த ஹரிஸ் பார்க்கில் இறங்கி மாமா எனக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். சாயங்காலமே டப்பாக்கள் கராஜுக்குப் போயின. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் பாக்கியில்லாமல், காசுக்கு விபூதி பூசிய மகான் இவர்தான் என்று அப்பா மாமாவைக் காட்டினார்.

ஜிலேபியைக் கடித்துக்கொண்டே நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். நல்லவேளை, மாமாவும் அதே காசை ராத்திரி தேய்த்திருக்கிறார், நாம் தப்பித்தோம் என்று மனதார நம்பினேன். விருந்தாளிகள் முன்னால் மாமாவைப் பார்த்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.