புஷ்பமேரியின் இடது கால்

புஷ்பமேரி கால் முந்திப் பிறந்தவள். திண்டுக்கல் ரயிலடிப் பக்கம் யாருக்கு முதுகு பிடித்துக்கொண்டாலும், விடிந்ததும் அவள் வாசலில் வந்து குப்புறப் படுத்துவிடுவார்கள். இடது குதிகாலை முதுகில் வைத்து, மேலிருந்து கீழே மூன்று தரம் இழுத்துவிடுவாள். சுளுக்கு விட்டுப்போகும் என்று நம்பிக்கை. அப்புறம் வெங்காயப் பேட்டைக்கு வேலைக்கு ஓடுவாள். எந்நேரமும் சிடுசிடுப்புதான், அவள் வாயைத் திறந்தால் பேட்டையே வாயை மூடிக்கொள்ளும்.

தொண்ணூற்றொன்பது மார்கழியில் எதிர்வீட்டு மலர்விழி வந்தாள். பேட்டையில் கூடவே உட்கார்ந்து வெங்காயம் பிரிக்கிறவள்.

"அக்கா, முதுகுல பிடிச்சிருக்கு. தாடை வரைக்கும் இழுக்குது. ஓங்கரிச்சுக்கிட்டே வருதுக்கா."

நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது, அசதியா இருக்கு என்று பத்து நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தவள். நெஞ்சு வலி என்று மட்டும் சொல்லவே இல்லை.

"வாய்வுப் பிடிப்புதான்டி, படு" என்றாள் புஷ்பமேரி. முதுகில் வைத்த உள்ளங்கால் நனைந்தது. அந்தக் குளிரில் அப்படி ஒரு வேர்வை, அதுவும் சில்லென்று. காலைச் சாக்கில் துடைத்துக்கொண்டு மூன்று தரம் இழுத்துவிட்டாள். "இப்பத் தேவலக்கா" என்று எழுந்துபோன மலர்விழி, புருசனுக்குச் சோறாக்கி வைத்துவிட்டு, மத்தியானம் அடுப்படியிலேயே செத்துக் கிடந்தாள்.

அந்தப் புருசன் முத்துக்கிருஷ்ணன் முந்தின வருசம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, தெருவே கூடி, கார் வைத்து மதுரைக்குக் கொண்டுபோனது. அங்கே வெறும் வாய்வு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வாய்வுக்காரனுக்குக் கார், மாரடைப்பு வந்தவளுக்குக் குதிகால்! இது என்ன நியாயம்?

சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்த நர்ஸ் தாஹிராதான், அது மாரடைப்பு என்று விவரம் சொன்னாள். பொம்பளைகளுக்கும் நெஞ்சு வலி வரும். ஆனால் நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். முதுகு, தாடை, தோள் வலிக்கலாம், குமட்டலாம், மூச்சு வாங்கலாம், வேர்த்துக் கொட்டலாம், காரணமே இல்லாமல் அசதியாக இருக்கலாம். புஷ்பமேரி அவள்மேல் பாய்ந்தாள்.

"இம்புட்டு நாளா இதை எந்தச் செவத்துல எழுதி வச்சிருந்தீக? எங்கள்ல யாருக்குச் சொன்னீக?"

பாவம், தாஹிரா என்ன செய்வாள்? புஷ்பமேரிக்கு ஆத்திரமெல்லாம் தன் கால்மேல்தான்.

அன்றோடு காலை வைப்பதை நிறுத்தினாள். தெரு சும்மா விடுமா? "மகராசிக்குக் கிராக்கி வந்திருச்சு" என்று சாடை பேசியது. முறைத்துக்கொண்டே போவாள்.

ஆறு வருசம் போனது. ஒரு வியாழக்கிழமை காலை, ஆட்டு வியாபாரி சடையாண்டி தன் பெண்டாட்டி பேச்சாயியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான்.

"ஒரே ஒரு தரம் காலை வையி தாயி. எந்திரிச்சதுலருந்து முதுகுப் பிடிப்பு, ரெண்டு தரம் வாந்தி. அய்யலூர்ச் சந்தைக்கு நேரமாச்சு எனக்கு."

புஷ்பமேரி பேச்சாயியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று ஈரம்.

"ஆட்டோவக் கூப்புடு."

"வாய்வுக்குப் போயி ஆஸ்பத்திரியா?"

"ஏன்டா, ஆட்டுக்கு வகுறு உப்புனா டாக்டரத் தேடி ஓடுற, இவளுக்கு என் காலு போதுமா? கூப்புடுடா! இல்லேன்னா இந்தக் காலாலேயே உன்னய மிதிப்பேன்!"

அவனுக்குக் காத்திருக்காமல் தானே ரோட்டில் குறுக்கே நின்று ஆட்டோவை மறித்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த சின்ன வயசு டாக்டரும் லேசில் மசியவில்லை. "கேஸ் பிராப்ளம்மா, மாத்திரை தாரேன்" என்றார். புஷ்பமேரி மேசையில் ஓங்கி அடித்தாள்.

"நெஞ்சுல ஒயர் ஒட்டி ஈசிஜி எடுப்பீகள்ல, அதை எடுங்க. ஆம்பளைக்கின்னா கேக்காமலே எடுப்பீக. எடுக்காம நான் நகர மாட்டேன்."

எடுத்தார்கள். தாளைப் பார்த்த டாக்டரின் முகம் வெளுத்தது. அதற்கப்புறம் எல்லாரும் ஓடினார்கள்.

மூன்றாம் நாள் பேச்சாயி எழுந்து உட்கார்ந்தாள். பார்க்கப் போன புஷ்பமேரியின் காலைத் தொட்டுக் கும்பிடக் கட்டிலிலிருந்து குனிந்தாள். புஷ்பமேரி வெடுக்கென்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"தொடாத. மலர்விழியோட வேர்வை அதுல இன்னும் காயல."