புளியமரத்துக்கு அந்தப் பக்கம்

பூமிக்கு வெளியே உயிர் இருக்கிறதா என்று பேசப்போகிறேன் என்றதும் பேச்சுப் போட்டி நடத்திய பேராசிரியர் தலைப்பை மாற்றச் சொன்னார். பறக்கும் தட்டுக் கதையெல்லாம் அறிவியல் ஆகாதாம். ஒதுக்கீட்டில் சீட்டு வாங்கி வருகிறவர்கள் முதலில் பாடத்தை ஒழுங்காகப் படிக்க வேண்டுமாம். நான் அப்போது பி.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். பறக்கும் தட்டை நானும் நம்பியதில்லை. பெரிய ஆண்டெனாக்களை நட்சத்திரங்கள் பக்கம் திருப்பி, ரேடியோ அலை ஏதாவது வருகிறதா என்று விஞ்ஞானிகள் கேட்டுக்கொண்டிருப்பதைத்தான் பேச நினைத்தேன். தலைப்பை மாற்றவில்லை.

தனி இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த காலம் அது. போட்டியன்று தியாகதுருகம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். நான் மரத்தைத் தாண்டப் போனபோது, அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எங்கே போகிறாய் என்று கேட்டார். போட்டியையும் தலைப்பையும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. "இங்கயே பேசு பாப்பா, கேப்போம். பஸ்ஸு எப்படியும் போவாது."

பேசினேன். அந்த நட்சத்திரக்காரர்கள் பேசினால் நமக்கு இன்னா புரியும் என்று ஒருவர் கேட்டார். புரியாமல் போகலாம், ஆனால் அது தானாக எழுந்த ஓசையா, யாரோ அனுப்பியதா என்று தெரிந்தாலே பெரிய விஷயம் என்றேன். பிறகு அவர்களில் ஒருவரே என்னை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, வயல்வழியாகவே போட்டி நடந்த கள்ளக்குறிச்சியில் கொண்டுவந்து விட்டார்.

பஸ் இல்லாததால் போட்டிக்கு வந்திருந்தவர்களே கம்மி. நான் பேசி முடித்ததும் பேராசிரியர் எழுந்தார். இத்தனை வருஷம் கேட்டும் ஒன்றும் வரவில்லை என்று நீயே சொல்கிறாய், அப்படியென்றால் அங்கே யாரும் இல்லை என்றுதானே அர்த்தம் என்றார்.

அவரை நேராகப் பார்த்துச் சொன்னேன்.

"இருக்குதுன்னு நான் சொல்லலீங்க சார். தேடி முடிக்காம இல்லேன்னு தீர்ப்பு சொல்லாதீங்கன்றேன். பதில் வரலேன்னா கேட்டதே தப்புன்னு ஆயிடுமா? ரோட்டுல உக்காந்திருக்கறவங்களும் கேட்டுக்கினுதான் இருக்காங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பரிசு எனக்கில்லை. அதற்காக நான் அழவுமில்லை. பிறகு எம்.எஸ்சி. சேர்ந்தேன், அதுவும் ஒதுக்கீட்டில்தான். யார் கேட்டாலும் அதை உரக்கவே சொன்னேன். ரேடியோ வானியலையே விருப்பப் பாடமாக எடுத்தேன். முதல் நாள் வகுப்பில் முன்பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.