அட்டைப்படத்துக்கு ஒரு முகம்

நம்புகிறவர்கள் நம்புங்கள். மற்றவர்கள் ராசா என்கிற எங்கள் ஊருக்கு வந்து தர்ஷிகாவையே கேட்டுக்கொள்ளுங்கள், எங்கள் வரிசையில் நான்காவது வீடு. கேட்டதும் முதலில் முகத்தைச் சுளிப்பாள். பேய் என்றால் எல்லாரும் பயப்படுவோம், அவளுக்குக் குமட்டும். அதுவும் நடுராத்திரியில் நடந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். சனிக்கிழமை, பட்டப்பகலில், 3:05 முதல் 4:58 வரை நடந்தது.

கல்லூரியில் அவளுக்கு அது கடைசிப் பாடம். மாணவர்களே எடுத்த பேய்ப் படத்துக்கு இரண்டு நிமிட முன்னோட்டம், ஒரு போஸ்டர், ஒரு சினிமாப் பத்திரிகையின் அட்டை. மூன்றும் ஒரே படத்தைச் சேர்ந்தவை என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். அதே எழுத்து, அதே நிறம், அதே ஆள். விரிவுரையாளர் தர்மேந்திரன் இன்னொரு விதியும் வைத்திருந்தார். போஸ்டரில் முகம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பார்க்கலாம், பத்திரிகை அட்டையில் வாசகரை நேராகப் பார்த்தே ஆக வேண்டும். தர்ஷிகா இந்தப் பாடத்தில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவள். இன்னொரு முறை விட்டால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள், மூன்று வருடமும் தண்டம். மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

இந்த நேரம் பார்த்து, பேயாக நடித்த மயூரிக்கு அம்மை போட்டுவிட்டது. முகமெல்லாம் கொப்புளம். முன்னோட்டத்தில் அவள் இருட்டில்தான் வருகிறாள், அதிலிருந்து முகத்தை எடுக்க வழியில்லை. "எங்கேயாவது ஒரு முகம் தேடி அனுப்பு" என்று படத்தை இயக்கிய ஹேமநாதனிடம் கேட்டிருந்தாள்.

3:05க்கு வாட்ஸ்அப்பில் வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். இருபத்திரண்டு வயதிருக்கும் ஒரு பெண், இடப்பக்கம் பார்த்தபடி இருந்தாள். தர்ஷிகா உடனே அவனை அழைத்தாள்.

"யாரு லா இது?"

"புக்கிட் பெலண்டோக் பக்கம் ஷூட்டிங் போனோம்ல, அந்தப் பழைய தோட்டத்து லயத்து வீடு. செவுத்துல மாட்டியிருந்துச்சு. நம்ம பேயோட போட்டோன்னு படத்துல காட்டலாம்னு போன்ல எடுத்து வச்சேன்."

"செத்தவங்க படமா?"

"ஆளில்லாத வீடு லா. யாரு கேக்கப் போறா? கண்ணாடில பெரிய பொட்டு இருந்துச்சு. நம்ம பேய்க்குப் பொட்டு கிடையாதே, மேட்ச் ஆகணும்ல? எச்சி தொட்டுத் துடைச்சிட்டேன்."

"எச்சியா?"

"தண்ணி இல்ல, அதான்."

சிரிக்க வேறு செய்தான். தர்ஷிகா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். யாரோ அழுதுகொண்டே வைத்த பொட்டாக இருக்கும், அதன்மேல் இவன் எச்சில் விரல். "சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று போனை வைத்தாள். வைத்தவள் படத்தை அழித்தாளா? அதுதான் இல்லை. அடுத்த நிமிடமே அதை மடிக்கணினியில் ஏற்றினாள். மார்க் வேண்டுமே.

3:48. போஸ்டர் முடிந்தது. பின்னால் செம்பனை வரிசை, முன்னால் அந்த முகம். பார்க்க நன்றாகவே இருந்தது.

அப்போதுதான் நாற்றம் வந்தது. உறைந்த ரப்பர் கட்டிப்பால் ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். புளித்து, அழுகி, தொண்டைக்குள் இறங்கும் நாற்றம். ராசாவில் ஏது கட்டிப்பால்? குப்பைத் தொட்டியைப் பார்த்தாள். சாக்கடையைப் பார்த்தாள். வெளியே ஒன்றும் இல்லை. மேசைக்குப் பக்கத்தில் மட்டும் நாறியது. வீட்டில் கேட்கவும் ஆளில்லை, அப்பாவும் அம்மாவும் மம்பாவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

4:17. அட்டையில் எழுத்தெல்லாம் உட்கார்ந்துவிட்டது. முகம்தான் மக்கர் பண்ணியது. அவள் கண்மணியை நடுவுக்கு நகர்த்திப் பார்த்தாள், மாறுகண் ஆனது. பழையபடி வைத்தாள். எரிச்சலில் வாய்விட்டே சொன்னாள்.

"கொஞ்சம் நேரா பாத்திருந்தா என்னவாம்?"

நாற்றம் தாங்க முடியவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடி, வாயைக் கொப்பளித்து, 4:26க்குத் திரும்பி வந்தாள்.

அட்டையில் அந்தப் பெண் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போஸ்டரைத் திறந்தாள். அதில் இடப்பக்கம்தான். ஹேமநாதன் இன்னொரு படம் அனுப்பினானோ? இல்லை. 3:05க்கு வந்தது ஒன்றுதான்.

வாயோரத்தில் வெள்ளையாக ஒரு கோடு இருந்தது. முன்பு இல்லை. அழித்தாள். மறுபடி வந்தது... இம்முறை தாடை வரைக்கும். திரையில் அழுக்கோ என்று விரலால் தொட்டாள். பிசுபிசுவென்று ஒட்டியது. விரலை எடுத்தால் நூலாக நீண்டது. மோந்து பார்த்திருக்கக் கூடாது. பார்த்துத் தொலைத்தாள்.

அழுகிய பால் நாற்றம்...

4:41.

பின்னாலிருந்து ஒரு கட்டைவிரல்.

ஈரமாக... கொழகொழவென்று...

அவள் நெற்றியில் பதிந்தது.

இடமிருந்து வலமாக... மெதுவாக... ஒரே இழுப்பு.

'சர்ர்ர்க்...'

எச்சில் புருவத்தில் வழிந்தது.

திரும்பினாள். யாரும் இல்லை.

நெற்றியைத் தடவினாள். காலையில் ஒட்டிய மெரூன் ஸ்டிக்கர் பொட்டு இல்லை.

திரையைப் பார்த்தாள்.

கறுப்பு வெள்ளை முகத்தில்... நெற்றி நடுவில்...

மெரூன் பொட்டு.

தர்ஷிகா உட்கார்ந்த இடத்திலேயே வாந்தி எடுத்தாள். எழுந்து ஓடியிருக்கலாம், அட்டையை அழித்திருக்கலாம். மணியைப் பார்த்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் தலையைத் திருப்பியபடியே, 4:58க்கு முன்னோட்டத்தோடு போஸ்டரையும் அட்டையையும் அனுப்பிவிட்டாள். இதைச் சொல்லும்போதுதான் அவள் முகம் ரொம்பவும் கோணும். "அவனைச் சீன்னு சொன்னேனே, நான் மட்டும் என்ன ஒழுங்கு?" என்பாள்.

நூற்றுக்கு எழுபத்தெட்டு. பாஸ். தர்மேந்திரன் ஒரே ஒரு குறைதான் சொன்னார்.

"கவர்ல பொட்டு இருக்கு, போஸ்டர்ல இல்ல. ரெண்டு மார்க் குறைச்சிட்டேன்."

மூன்று வாரம் கழித்துக் கல்லூரி மண்டபத்தில் மாணவர்களின் வேலைகளைக் காட்சிக்கு வைத்தார்கள். கேன்டீனில் தட்டுக் கழுவும் வள்ளியம்மா அந்தப் பக்கமாகப் போனவள், தர்ஷிகாவின் அட்டைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது எங்க தாயம்மால்ல?"

தர்ஷிகா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "உங்களுக்குத் தெரியுமா, ஆன்ட்டி?"

"தெரியுமாவா? புக்கிட் பெலண்டோக் தோட்டத்துல எனக்குப் பக்கத்து வீடு. ஒண்ணாத்தான் ரப்பர் பாலெடுக்க மரம் வெட்டப் போவோம். பாம்பு கடிச்சு, வாயில நுரை தள்ளி, கட்டிப்பால் மூட்டை பக்கத்துலயே விழுந்துட்டா. முப்பத்தெட்டு வருசமாச்சு. இந்தப் படம் உனக்கு ஏதும்மா?"

லயத்து வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படம் என்று தர்ஷிகா தயங்கித் தயங்கிச் சொன்னாள். பொட்டைத் துடைத்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

வள்ளியம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அந்தப் பிரேமுல படம் இல்லையேம்மா. தாயம்மாவுக்குப் பொறந்த சூரா பத்திரமும் இல்ல, ஐ.சி. அடையாள கார்டும் இல்ல. உசுரோட இருந்தவரைக்கும் ஒரு போட்டோ எடுத்ததில்ல. நான்தான் அவ சேலையைக் கிழிச்சு ஒரு துண்டை பிரேமுக்குள்ள வச்சேன். கண்ணாடி மேல ஒரு பொட்டு. அந்தப் பொட்டு இருக்கற இடந்தான் அவ நெத்தின்னு நெனச்சுக் கும்பிடுவோம்."

தர்ஷிகா கைப்பேசியை எடுத்தாள். 3:05க்கு வந்த படத்தைத் திறந்தாள்.

பழைய சட்டம். உள்ளே நைந்துபோன பச்சைச் சேலைத் துண்டு. கண்ணாடியின் நடுவில், இடமிருந்து வலமாக, எச்சில் இழுத்த தடம்.

முகம் எதுவும் இல்லை. தாயம்மாவின் முகம் இருப்பது, மார்க்குக்காகத் தர்ஷிகா செய்த அந்த இரண்டு தாள்களில் மட்டும்தான்.